எங்கள் தெருவுக்கு வேகத்தடையா, டேபிள் டாப் கடவையா?

மெயின் ரோட்டு சிக்னலில் நிற்கப் பிடிக்காத வண்டிகள் எங்கள் தெருவைக் குறுக்கு வழியாக்கிக்கொண்டன. தெருமுனையில் ஒரு தொடக்கப் பள்ளி இருக்கிறது. காலை எட்டரைக்கு ஒரு கையில் பை, இன்னொரு கையில் குழந்தை என்று சாலையைக் கடக்க அம்மாக்கள் தவித்து நிற்பார்கள். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த தார் வேகத்தடை. மற்றொன்று ஆட்கள் கடக்கும் இடத்தில் சாலையையே நடைபாதை மட்டத்துக்கு ஏற்றிக் கட்டும் கடவை. இதைப் பொறியாளர்கள் டேபிள் டாப் என்பார்கள். நாங்கள் இரண்டாவதைக் கேட்டு வாங்கினோம். சென்னை மாநகராட்சி 2014லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென, அதாவது நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்குமென, ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டிருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிட்டது கைகொடுத்தது. இரண்டு மழைக்காலம் பார்த்தாகிவிட்டது. இன்று கேட்டாலும் டேபிள் டாப் என்றுதான் சொல்வேன்.

வேகத்தடைக்குச் செலவு குறைவு, ஒரே இரவில் போட்டுவிடலாம். ஆனால் நமக்குக் கிடைக்கும் வேகத்தடை எது? வண்டி 25 கி.மீ. வேகத்தில் அலுங்காமல் ஏறி இறங்க, வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் வேண்டும் என்கிறது, சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் வழிகாட்டுதல். தெருக்களில் போடுவதோ ஒன்றரை அடி அகலத் தார்க் குவியல். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு முதுகெலும்பே அதிரும். மழைநீர் ஓட வேண்டும் என்று இரண்டு ஓரத்திலும் ஒரு அடி விட்டுவிடுவார்கள். பைக்குகள் எல்லாம் அந்தச் சந்துக்குள்தான் நுழையும். நடப்பவர்கள் ஒதுங்கி நிற்கும் இடமும் அதுதான். தாருக்குப் பதில் சாலையில் போல்ட் போட்டுப் பொருத்தும் ரப்பர் வேகத்தடைக் கட்டைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். இரண்டு துண்டு கழன்றால் போதும், போல்ட் நீட்டிக்கொண்டு டயரைக் கிழிக்கும்.

டேபிள் டாப்பில் வண்டி மெதுவாகும் இடமும் ஆள் கடக்கும் இடமும் ஒன்றே. இது சின்ன விஷயமில்லை. 50 கி.மீ. வேகத்தில் மோதும் வண்டியின் ஆற்றல், அதே வண்டி 30 கி.மீ. வேகத்தில் மோதுவதைப் போல ஏறக்குறைய 2.8 மடங்கு. கைத்தடி ஊன்றி நடக்கும் எதிர்வீட்டுப் பாட்டி, "இறங்கி ஏறுற வேலையே இல்லப்பா" என்றார். சக்கர நாற்காலியும் அப்படியே தாண்டிவிடுகிறது. நடைபாதையில் பைக் ஏறாமல் இருக்க மட்டும் கம்பங்கள் நட வேண்டியிருந்தது.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்புதான். தார் வேகத்தடையின் ஆயுள் அடுத்த தடவை சாலை போடும் வரைதான். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே 4 செ.மீ. போட்டால், 10 செ.மீ. வேகத்தடையில் 6 செ.மீ.தான் மிஞ்சும். கேபிளுக்காகத் தோண்டினால் அதுவும் போச்சு, திரும்ப யாரும் அதே வடிவத்தில் போட்டுத் தருவதில்லை. எங்கள் கடவை பேவர் பிளாக்கும் இரண்டு பக்கமும் கான்கிரீட் விளிம்பும் கொண்டது. தார் போடும் இயந்திரம் விளிம்போடு நின்றாக வேண்டும். தோண்டினாலும் கற்களைப் பெயர்த்துத் திரும்பப் பதிக்கலாம். போன வருடம் குடிநீர்க் குழாய் வேலைக்கு அப்படித்தான் செய்தார்கள். ஆனாலும் சாலை போடும் நாளில் பழைய தாரைச் சுரண்டச் சொல்லி நாம் பக்கத்திலேயே நிற்க வேண்டும். விட்டுவிட்டால் சாலை உயர்ந்து, கடவையின் உயரம் குறைந்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் டேபிள் டாப் கவனம் கேட்கும். ஓரத்திலிருந்து ஓரம் வரை நிரம்பி நிற்பதால் அது ஒரு குட்டி அணை. தண்ணீர் வரும் பக்கத்தில், சாலையின் இரண்டு ஓரத்திலும் மழைநீர் வடிகாலுக்குள் இறங்கும் வாய்கள் இருந்தே ஆக வேண்டும். முதல் மழையில் அந்த இரும்புச் சல்லடையை வேப்பிலையும் பிளாஸ்டிக் கவரும் மூடிக்கொண்டன, கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. நான் கையால் வாரி எடுத்த ஐந்து நிமிடத்தில் வடிந்துவிட்டது. இப்போது அக்டோபர் முதல் வாரமே சங்கத்தில் முறை போட்டுச் சுத்தம் செய்கிறோம். அடுத்த மழையில் தண்ணீர் நிற்கவில்லை.

எங்கள் தெருவில் பஸ் வராது. பஸ் பாரத்தில் அந்தக் கற்கள் எத்தனை வருடம் தாங்கும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட சாலை என்றால் நான் கல்லுக்குப் பதில் முழுக் கான்கிரீட்டாகக் கேட்பேன். அப்புறம், நடைபாதையே இல்லாத தெருவில் டேபிள் டாப் எதையும் எதோடும் இணைக்காது. அங்கே வேகத்தடையே போதும், ஆனால் அந்த 3.7 மீட்டர் அளவில் கேளுங்கள். போடும் இரவில் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் நில்லுங்கள். தார் ஆறிய பிறகு அளந்து பயனில்லை.