செம்புக்கு எந்த ரயில்: டசாராவா, லோபிட்டோவா?

ஜாம்பியாவின் செம்பும் தென் காங்கோவின் கோபால்ட்டும் கடலுக்குப் போக இரண்டு ரயில் பாதைகள் மல்லுக்கட்டுகின்றன. கிழக்கே சீனாவின் பணம், மேற்கே அமெரிக்கா, ஐரோப்பாவின் பணம்.

கிழக்குப் பாதைதான் டசாரா. ஜாம்பியாவின் கபிரி மபோஷியிலிருந்து தான்சானியாவின் தார் எஸ் சலாம் வரை 1,860 கி.மீ. 1965-ல் ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) வெள்ளையர் அரசு தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்ததும் அந்த நாட்டின் வழியே போன ஜாம்பியாவின் தெற்கு வழி ஆட்டம் கண்டது. புதுப் பாதை லாபம் தராது என்று மேற்கு நாடுகள் கைவிரிக்க, சீனா வட்டியில்லாக் கடன் கொடுத்துக் கட்டித் தந்தது. அப்புறம் பராமரிப்பு இல்லாமல் என்ஜினுக்கே தட்டுப்பாடு வந்து, சரக்கெல்லாம் லாரிக்கு மாறியது. ஜாம்பியா-காங்கோ எல்லையிலுள்ள கசும்பலேசாவில் லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நிற்க இதுவும் ஒரு காரணம். 2025-ல் ஒரு சீன நிறுவனம் 140 கோடி டாலர் போட்டுப் பாதையைச் சீரமைத்து, 30 ஆண்டுகள் நடத்த ஒப்பந்தம் போட்டிருக்கிறது.

மேற்கே அங்கோலாவின் லோபிட்டோ துறைமுகம். காங்கோ எல்லைக்குச் சுமார் 1,300 கி.மீ. இந்தப் பாதையை நடத்தும் உரிமை 2022-ல் ஐரோப்பிய நிறுவனங்கள் மூன்றின் கைக்கு வந்தது. அமெரிக்கா 55 கோடி டாலருக்கு மேல் கடன் ஒப்புக்கொண்டது. 2024 டிசம்பரில் பைடனே லோபிட்டோவுக்கு வந்தார். வேடிக்கை என்னவென்றால், உள்நாட்டுப் போரில் சிதைந்த இந்தத் தண்டவாளத்தை 2014-க்குள் மறுபடி போட்டுக் கொடுத்ததும் சீன நிறுவனம்தான்!

எது தேவலை? தென் காங்கோவின் கொல்வேசி பக்கத்துச் சுரங்கங்களுக்கு, அதுவும் சரக்கு அட்லாண்டிக் பக்கம் போவதென்றால், லோபிட்டோதான். ஜாம்பியாவுக்கு அப்படியில்லை. லோபிட்டோ பாதையிலிருந்து அங்கே நேராக வர இன்னும் சுமார் 800 கி.மீ. புதுப் பாதை போட வேண்டும். அது இன்னும் திட்டமாகவே இருக்கிறது. டசாராவில் தண்டவாளமாவது இருக்கிறது. பழுது பார்த்தால் ஓடும். அதனால் இப்போதைக்கு ஜாம்பியாவுக்கு டசாராதான் என்பேன்.

சரி, சரக்கு யாருடையது? காங்கோவின் பெரிய கோபால்ட் சுரங்கங்கள் பலவற்றில் சீனப் பங்கு இருக்கிறது. டென்கே ஃபுங்குருமே சுரங்கத்தில் தனக்கிருந்த பங்கை 2016-ல் சீனர்களுக்கு விற்றதே ஓர் அமெரிக்க நிறுவனம்தான். ஜாம்பிய அதிபர் ஹிச்சிலேமாவோ இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். 2020-ல் வெளிக்கடன் கட்ட முடியாமல் தவித்த நாடு, வேறென்ன செய்யும்?