தரங்கம்பாடிக்குத் திரும்புதல்: ஒரு பகலா, இரண்டு இரவுகளா?

இளமையில் வாழ்ந்த தரங்கம்பாடிக்கு மீண்டும் செல்ல இரண்டு வழிகள் உண்டு: மயிலாடுதுறையிலிருந்து காலைப் பேருந்தில் சென்று மாலையே திரும்புவது ஒன்று, இரண்டு இரவுகள் தங்குவது மற்றொன்று. இரண்டையும் நான் செய்து பார்த்திருக்கிறேன்.

ஊரைப் பார்ப்பதற்கு ஒரு பகலே போதும். 1620-இல் டென்மார்க் நாட்டவரான டேனியர் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை, 1706-இல் இங்கு வந்திறங்கிய ஜெர்மானியக் கிறித்தவ மதபோதகர் சீகன்பால்கு 1718-இல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயம், கடலரிப்பில் பெரும்பகுதியை இழந்த பழைய மாசிலாமணிநாதர் கோயில் ஆகிய மூன்றும் நடை தூரத்திலேயே உள்ளன. செலவும் குறைவு. முதன்முறை வருபவருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

வாழ்ந்தவரின் தேவை வேறு. கடலிலிருந்து எழும் சூரியனின் முதல் ஒளி கோட்டைச் சுவரில் படரும் வேளையில், படகுகள் கரை சேரும் ஓசையைக் கேட்டுக்கொண்டே பழைய தெருவில் நடப்பதற்கு, முந்தைய இரவே அங்கு இருந்தாக வேண்டும். மனிதர்களுக்கும் அவகாசம் வேண்டும். பகல் பயணத்தில் நலம் மட்டும் விசாரித்த பக்கத்து வீட்டு அக்கா, நான் தங்கியபோது, இரண்டாம் நாள் மாலையில்தான் 2004 ஆழிப்பேரலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்; இருட்டிய பிறகும் நாங்கள் திண்ணையை விட்டு எழவில்லை.