கோயில் நூலகத்துக்கு ஆக்மாவா, டெனீரா?

டன்ஜன்ஸ் & டிராகன்ஸ் என்ற கதை விளையாட்டின் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் கற்பனை உலகில் கோயில் நூலகம் அமைத்தால் போட்டி பெரும்பாலும் இந்த இருவருக்குள்தான். ஆக்மா அறிவின் கடவுள், சின்னம் வெற்றுச் சுருள். டெனீர் எழுத்தின் கடவுள், சின்னம் திறந்த கண்ணுக்கு மேல் எரியும் மெழுகுவர்த்தி.

வீரர்கள் தகவல் தேடி அடிக்கடி வந்துபோகும் இடம் என்றால் ஆக்மாதான் தோது. அந்த உலகின் நூலகக் கோட்டையான கேண்டில்கீப் பாணியில், அங்கே இல்லாத புத்தகம் ஒன்றைக் கொடுத்தால்தான் அனுமதி என்று வையுங்கள். அதைத் தேடி அலைவதே ஒரு சாகசம்.

பொறி வைக்கவேண்டுமா? எழுத்தின் கடவுளான டெனீர். 2014 விதிகளில் வெடிக்கும் மாயக்குறியைப் பொறிக்கும் 'கிளிஃப் ஆஃப் வார்டிங்' மந்திரத்துக்கு ஒரு மணி நேரமும், 200 பொற்காசு மதிப்புள்ள தூபமும் வைரப்பொடியும் வேண்டும். வெடித்தால் 20 அடி ஆரத்துக்கு 5டி8 (ஐந்து எட்டுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகை) சேதம். சேத வகையாக நெருப்பைத் தேர்ந்தால் ஏடுகளும் எரிந்தன என்று டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) சொல்லிவிடலாம், குளிரே மேல். புத்தகம் 10 அடிக்கு மேல் நகர்ந்தால் குறி அழிந்துவிடும். ஆகவே இரவல் நூலில் பொறித்தால் காசு வீண், சங்கிலியில் கட்டிய நூலில் மட்டும் பொறியுங்கள்.