‘டெஸ்ட் பாஸ்’ படத்தைக் காட்டி விற்கிற பழைய ரேம்: உஷார்

செகண்ட்ஹேண்ட் ரேம் வாங்கப் போகிறவர்கள் பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

ஆன்லைனில் ஒருவரிடம் 3600 வேகம் என்று விற்ற டிடிஆர்4 வகை ரேம் ஸ்டிக் ஜோடி வாங்கினேன். ரேமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86-இன் திரையை போனில் எடுத்த படம் போட்டிருந்தார், எரர் பூஜ்யம். மாட்டியதும் நன்றாகவே ஓடியது. பழுதான ரேம் உடனே காட்டிக்கொடுக்காது, அதுதான் வினை. பிரவுசர் டேப் தானாக மூடும், ஜிப் கோப்பு கெட்டுவிட்டதாக சிஆர்சி எரர் காட்டும், எப்போதாவது நீலத்திரை வரும். பழி விண்டோஸ் மேல் விழும்.

யூஎஸ்பியில் பூட் செய்து மெம்டெஸ்ட்86-ஐ இரவெல்லாம் ஓடவிட்டேன். எக்ஸ்எம்பி (ரேமை அதன் விளம்பர வேகத்தில் ஓடவைக்கும் பயாஸ் செட்டிங்) ஆனில் எரர் கொட்டியது. விற்றவரிடம் சொன்னால், “உங்க மதர்போர்டுதான் சரியில்ல சார்.” இது முழுக்கப் பொய்யில்லை. டிடிஆர்4 தரநிலை 3200-ஓடு முடிகிறது. அதற்கு மேல் ஓவர்கிளாக்தான். போர்டும் ப்ராசசரும் ஒத்துழைக்கவேண்டும். ஆகவே எக்ஸ்எம்பியை அணைத்து, 2133 வேகத்தில், ஒவ்வொரு ஸ்டிக்காகத் தனியே ஓட்டினேன். ஒன்று சுத்தம். மற்றது ஸ்லாட் மாற்றினாலும், வேறு கம்ப்யூட்டரில் போட்டாலும் எரர். அதுவும் முதல் பாஸில், அதாவது சோதனையின் முதல் சுற்றில், வராது. சூடேறிய பிறகு, அடுத்தடுத்த பாஸ்களில்தான் வரும்.

இப்போது அவர் படத்தைப் பாருங்கள். வேகம் 2133. பாஸ் 1/4. இந்த மென்பொருளில் முதல் பாஸ் வேண்டுமென்றே சுருக்கமாக வைக்கப்பட்டது, பெரிய பழுதைச் சட்டென்று பிடிக்க. அதுவும் முடியாமல் பாதியில் எடுத்த படம். படத்தில் பொய் எதுவும் இல்லை. எடுத்த நேரத்தில்தான் இருக்கிறது தில்லுமுல்லு.

எக்ஸ்எம்பி ஆனில், நான்கு பாஸும் முடிந்த கடைசித் திரையைக் கேளுங்கள். விண்டோஸில் வருகிற மெமரி டயக்னாஸ்டிக் ரிசல்ட்டை மட்டும் காட்டினால் ஏற்காதீர்கள், அதன் வழக்கமான சோதனையில் நழுவுகிற பழுதுகள் உண்டு. “ஒண்ணு ரெண்டு எரர் சகஜம்” என்பாரும் உண்டு. ரேமில் ஒரே எரர் வந்தாலும் ஃபெயில்தான். டிடிஆர்5 என்றால் “உள்ளேயே ஈசிசி இருக்கு” என்பார்கள். அது சிப்புக்குள் ஒரு பிட் தவறைத் திருத்துவது மட்டுமே; சிப்புக்கும் ப்ராசசருக்கும் நடுவில் கெடுவதை அது பார்க்காது. எப்படி இருந்தாலும் ரிட்டர்ன் காலம் முடிவதற்குள் நீங்களே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே இப்படி மாட்டிக்கொண்டவர்கள், அந்த ரேம் இருந்த காலத்தில் காப்பி செய்த பேக்கப்புகளை மூலக் கோப்போடு ஹேஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒப்பிட்டுப் பாருங்கள். என்னுடையதில் சில கெட்டிருந்தன, எந்த எச்சரிக்கையும் வரவில்லை.

நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு, ‘செக்கிங் சார்ஜ்’ என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு ரேமைத் திரும்ப வாங்கிக்கொண்டார். விளம்பரம் மறுபடி வந்திருக்கிறது, அதே படத்தோடு.