ரிசர்வ் வங்கியின் மோசடி அட்டவணை: அடிக்குறிப்பை முதலில் படியுங்கள்

மோசடியால் நாட்டுக்கு எவ்வளவு நட்டம் என்று பேச்சு வந்தால், எல்லோரும் எடுப்பது ரிசர்வ் வங்கி ஆண்டறிக்கையின் ஆறாம் அத்தியாயத்தில் உள்ள மோசடி அட்டவணையைத்தான். இலவசமாகக் கிடைக்கிறது, வருடம் தவறாமல் வருகிறது, வங்கிப் பிரிவு வாரியாகவும் மோசடி வகை வாரியாகவும் பிரித்துத் தருகிறது. அந்த மட்டில் அருமையான ஆவணம். ஆனால் அது நட்டத்தை அளப்பதில்லை.

2024-25 கணக்கைப் பாருங்கள். மொத்தம் 36,014 கோடி ரூபாய். முந்தைய ஆண்டு 12,230 கோடி. ‘மூன்று மடங்கு’ என்று தலைப்புப் போட வசதியான எண்கள். இதில் 18,674 கோடி, முந்தைய ஆண்டுகளைச் சேர்ந்த 122 கேஸ்கள். கடன் வாங்கியவரின் விளக்கத்தைக் கேட்காமல் கணக்கை மோசடி என்று அறிவிக்கக் கூடாது என 2023 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், வங்கிகள் அவற்றை மறுபடி ஆராய்ந்து புதிதாகப் பதிந்தன. கழித்தால் 17,340 கோடி. உயர்வு சுமார் 42 சதவீதம். அதுவே கவலைப்பட வேண்டிய அளவுதான்.

அடிக்குறிப்பு இன்னும் மூன்றைச் சொல்கிறது. 1 லட்சம் ரூபாய்க்குக் குறைந்தவை சேராது. வருடம் என்பது புகார் பதிவான வருடம், மோசடி நடந்தது பல ஆண்டு முன்பாக இருக்கலாம். தொகை என்பது மோசடியில் சம்பந்தப்பட்ட தொகை; வசூலானது கழிக்கப்படவில்லை.

பெரிய ஓட்டை டிஜிட்டல் பக்கம். கார்டு, இணைய மோசடி என்று அட்டவணை காட்டுவது 13,516 கேஸ், 520 கோடி. 2024-இல் சைபர் மோசடியில் மக்கள் இழந்ததாக உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தந்த தொகையோ 22,845 கோடி. ஒன்று நிதியாண்டு, மற்றது காலண்டர் ஆண்டு. ஒன்றில் வங்கி சொல்கிறது, மற்றதில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்தும் இணையத்திலும் புகார் தந்த மக்கள் சொல்கிறார்கள். இரண்டையும் கூட்டி ‘தேசிய நட்டம்’ என்று எழுதிவிடாதீர்கள். ஒரே பணம் இரு பக்கமும் ஏறியிருக்கலாம்.

கடன் மோசடி எந்த வங்கிப் பிரிவில் குவிகிறது என்று பார்க்க ரிசர்வ் வங்கி அட்டவணையைத் தயங்காமல் பயன்படுத்தலாம். மோசடியின் பொருளாதாரச் செலவைக் கணக்கிட அது போதாது. பிரிட்டன் உள்துறை, குற்றச் செலவைத் தடுப்புக்கு ஆனது, பாதிப்பால் ஆனது, போலீஸ்-நீதிமன்றத்துக்கு ஆனது என்று மூன்றாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. ரிசர்வ் வங்கி உடனே செய்யக்கூடியது, மோசடி நடந்த ஆண்டுக்கு ஒன்றும் வசூலான தொகைக்கு ஒன்றுமாக அட்டவணையில் இரண்டு நெடுவரிசை சேர்ப்பது.