15-லிருந்து 16 அங்குலம்: ஒரு செட் டயர் தேயும்வரை ஓட்டியதில் தெரிந்தது

கார் வளைவில் கொஞ்சம் தள்ளாடினால் போதும், பெரிய வீல், அகலமான டயர் என்று மனசு போய்விடுகிறது. நானும் 15 அங்குலத்திலிருந்து 16-க்கு மாறியவன்தான். அந்த டயர்கள் தேய்ந்து முடிகிற நிலையில் இதை எழுதுகிறேன். மாற்றியதில் எனக்குத் திருப்திதான். ஆனால் கார் நன்றாக ஓட ஆரம்பித்ததில் வீல் அளவைவிட டயரின் ரகத்துக்கும் காற்றுக்கும்தான் பெரிய பங்கு. டயர் ரகத்தையும் வீல் அளவையும் ஒரே நாளில் மாற்றாததால் இதைத் தைரியமாகச் சொல்ல முடிகிறது. கம்பெனி டயர் தேய்ந்ததும் முதலில் அதே 185/65 ஆர்15 அளவிலேயே நல்ல டயர் போட்டு ஓட்டினேன். அப்புறம்தான் 195/55 ஆர்16.

அந்த முதல் மாற்றத்திலேயே ஈரச் சாலையில் பிரேக் பிடிப்பது தெளிவாக மேம்பட்டுவிட்டது. ரவுண்டானாவில் முன் டயர் கீச்சிடுவதும் நின்றது. ரிம்மைத் தொடவே இல்லை. பிடிமானம்தான் வேண்டும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

சரி, பிறகு எதற்கு 16? ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் மூக்கு திரும்புவதற்கு முன்னால் ஒரு சின்னத் தாமதம் இருந்தது. உயரமான சைடுவால், அதாவது டயரின் பக்கச் சுவர், முதலில் தான் வளைந்து, பிறகுதான் காரைத் திருப்பும். அதைக் குறைக்கத்தான்.

கணக்கு எளிது. 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். அதில் 65 சதவீதம் சைடுவால் உயரம், அதாவது சுமார் 120 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு சைடுவால், நடுவே 15 அங்குல (381 மி.மீ.) ரிம் என்று கூட்டினால் மொத்த விட்டம் 621.5. இதேபோல் 195/55 ஆர்16 போட்டுப் பார்த்தால் 620.9 வருகிறது. ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. ஸ்பீடோமீட்டர், ஓடிய கிலோமீட்டர், கியர் இழுவை எதிலும் மாற்றம் இல்லை. அகலத்தை மட்டும் கூட்டி 195/65 ஆர்15 போட்டால் விட்டம் 634.5 ஆகிவிடும். முன்பு காட்டிய அதே வேகத்தை மீட்டர் காட்டும்போது கார் 2 சதவீதம் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். சைடுவால் சதவீதக் கணக்கு என்பதால் அகலம் கூடினால் உயரமும் கூடும், இது பலருக்கு ஞாபகம் வருவதில்லை.

டயரில் அளவுக்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கும், அதைக் கடையில் யாரும் பேசுவதே இல்லை. என் பழைய டயரில் 88எச் என்று இருந்தது. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை. எனக்கு முதலில் காட்டிய 16 அங்குல டயர் 87வி. வேக எழுத்து உயர்ந்தது, சுமை 545 கிலோவாக இறங்கிவிட்டது. கம்பெனி சொன்ன சுமைக்குக் கீழே போக எனக்கு மனமில்லை. அதே அளவில் 91 எக்ஸ்எல் (கூடுதல் சுமை தாங்கும் ரகம்) தேடி வாங்கினேன், 615 கிலோ தாங்கும். அந்த முழுச் சுமைக்குக் காற்றும் கூடுதலாக வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஓட்டுவதில் என்ன மாறியது? நினைத்தபடி ஸ்டீயரிங்தான். நெடுஞ்சாலையில் பாதை மாறும்போது கை அசைந்த உடனே கார் அசைகிறது, மாறியபின் பின்பக்கம் ஒரு ஆட்டம் ஆடி நிற்பதில்லை. ஆனால் வளைவில் பாடி சாய்வது அப்படியேதான் இருக்கிறது. அது ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் சமாச்சாரம், வீல் அதைத் தொடாது. கூடிய 10 மி.மீ. அகலமும் பெரிய அதிசயம் எதுவும் செய்யவில்லை. தரையைத் தொடும் பரப்பு பெரும்பாலும் எடையையும் காற்றழுத்தத்தையும் பொறுத்தது. அகல டயரில் அந்தப் பரப்பு அகலமாகிக் குட்டையாகும், அவ்வளவுதான். தேங்கிய தண்ணீரில் இது பாதகம்கூட. பட்டன், அதாவது டயரின் பள்ள ஆழம், 3 மி.மீ.க்குக் கீழே வந்த பிறகு தண்ணீரில் ஸ்டீயரிங் லேசாவது பழைய டயரைவிட முன்னதாகவே தெரிகிறது. 1.6 மி.மீ. வரை ஓட்டலாம் என்று பல நாடுகளில் சட்டம் சொல்கிறது, நான் அதுவரை காத்திருக்கப் போவதில்லை.

சொகுசு குறைந்தது நிஜம். 13 மி.மீ. சைடுவால் போனது மெதுவாகப் போகும்போதுதான் உறைக்கும். பள்ளத்தின் விளிம்பு 'தட்'டென்று இடுப்பில் கேட்கும். காற்றை வைத்து விளையாடிப் பார்த்தேன். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைவிட 5 பி.எஸ்.ஐ. கூட்டினால் குண்டும் குழியுமான வளைவில் கார் துள்ளிக்கொண்டு வெளியே நகர்கிறது. 2 கூடுதல்தான் சரிப்பட்டது, அதுவும் காலையில் டயர் சூடாகும் முன் பார்த்தால்.

அலாய் என்றாலே எடை குறைவு என்ற நம்பிக்கையை வீட்டு எடை மெஷின் கலைத்துவிட்டது. டயரோடு சேர்த்து நிறுத்ததில் 16 அலாய் பழைய 15 இரும்பு வீலைவிடக் கொஞ்சம் கனமாகவே இருந்தது. இதே காரில் நண்பர் 205/45 ஆர்17 வைத்திருக்கிறார். பார்க்க அழகு, சந்தேகமே இல்லை. கிளம்பும்போது சோம்பல் தெரிகிறது, சைடுவாலும் 92 மி.மீ.தான். ஒரு பள்ளத்தில் இறங்கியதில் பக்கவாட்டில் கொப்புளம் வந்துவிட்டது. உள்ளே நூல் அறுந்த டயர் அது, ஒட்டிச் சரிசெய்ய முடியாது.

ஆஃப்செட்டில் நான் பிடிவாதமாக இருந்தேன். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது காரில் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பதுதான் அது. ரிம்மில் ஈடி என்று போட்டிருக்கும், எண் குறைந்தால் வீல் வெளியே வரும். கம்பெனி ரிம் 6 அங்குல அகலம், ஈடி45. புதியது 6.5, அதே ஈடி45. அதனால் வெளியே 6 மி.மீ.தான் நீண்டது. ஈடி35 போட்டால் ஃபெண்டர் நிறைந்து கம்பீரமாக இருக்கும் என்று கடையில் ஆசை காட்டினார்கள். வீல் இன்னும் 10 மி.மீ. வெளியே போகும், பேரிங்குக்குச் சுமை. ஒரு பக்க டயர் மணலில் இருக்கும்போது பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும். புது ரிம்மின் நடுத்துளை ஹப்பைவிட (வீல் மாட்டும் அச்சுப் பகுதி) பெரிதாக இருந்ததால் வளையம் போட்டுப் பொருத்தினோம். அது இல்லாமல் ஒருமுறை மாட்டியபோது 90-ல் ஸ்டீயரிங் நடுங்கியது, எத்தனை பேலன்ஸிங் செய்தும் போகவில்லை.

ஸ்டெப்னி பழைய 15 இரும்பு வீல்தான். விட்டம் ஒன்றே என்பதால் பஞ்சர் கடை வரை நிம்மதியாகப் போகலாம். என் அலாயின் நட்டு இரும்பு வீலில் சரியாக உட்காராது என்பதால் பழைய நட்டுகள் ஒரு பையில் டிக்கியிலேயே கிடக்கின்றன.

அடுத்த செட்டும் இதே அளவுதான், 17-க்குப் போகும் எண்ணமில்லை. இப்போது முன் டயர் இரண்டும்தான் அதிகம் தேய்ந்திருக்கின்றன, அதனால் முதலில் இரண்டு மட்டும் வாங்குவேன். புதியதை முன்னால் போடச் சொல்லிக் கடையில் கேட்பார்கள். பின்னால்தான் போடப் போகிறேன். ஈரத்தில் முன் டயர் வழுக்கினால் ஆக்சிலரேட்டரை விட்டுச் சமாளிக்கலாம், பின்பக்கம் வழுக்கினால் அதற்கு நேரமே இருக்காது.