வேலூர் – சென்னை ஒரு நாள் வேன் சுற்றுலா: எந்தக் கிழமை, எந்த வரிசை?

வேலூரிலிருந்து கிளம்பும் ஒரு நாள் சென்னை வேன் சுற்றுலாவில் வண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொதப்புவது வரிசைதான். பெரும்பாலும் முதலில் மெரினாவுக்குப் போய் வெயிலில் நேரத்தைக் கரைத்துவிட்டு, கபாலீசுவரர் கோயிலுக்குப் போகும்போது நடை சாத்தியிருக்கும். பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு மேல் மாலை நாலு வரை தரிசனம் கிடையாது.

காலையில் நேராகப் புனித ஜார்ஜ் கோட்டை. தலைமைச் செயலகம் உள்ளேயே இருப்பதால் வாசலில் சோதனை உண்டு; ஆதார் அட்டை கையில் இருக்கட்டும். 1680-இல் கட்டி முடித்த புனித மேரி தேவாலயம், பிறகு அருங்காட்சியகம். இரண்டுக்கும் ஒன்றரை மணி நேரமாவது வேண்டும், அரை மணி ஒதுக்கும் ஏஜென்ட்டை நம்பாதீர்கள். நம்ம ஊர்க் கோட்டை போல அகழியும் கருங்கல் மதிலும் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

பதினொன்றரைக்குள் கலங்கரை விளக்கம். மதியம் இடைவேளை விடுவார்கள். லிப்ட் இருக்கிறது, பெரியவர்களும் ஏறலாம். துறைமுகத்துக்குள் அனுமதிச் சீட்டில்லாமல் விடமாட்டார்கள். வடக்கே பார்த்தால் அது மேலிருந்தே தெரியும். சாப்பாட்டுக்குப் பின் சாந்தோம், நாலு மணிக்கு மயிலாப்பூர்.

வெள்ளிக்கிழமை கோட்டை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, திங்கட்கிழமை கலங்கரை விளக்கத்துக்கு. இந்த இரு நாளும் முன்பணம் கட்டாதீர்கள்.

மூன்று பேருக்குக் குறைவென்றால் வேனே வேண்டாம். காட்பாடியில் ரயில் ஏறி சென்ட்ரல், எதிரே பூங்கா நிலையத்தில் மின்சார ரயில். அடுத்த நிறுத்தமே கோட்டை.